வாடைக்கு ஓங்கில், சோளகத்துக்குப் பட்டம்: ஆலங்குடாச் சுற்றுலா பிறந்த கதை

கொழும்பிலிருந்து புத்தளம் வீதியில் வடக்கே வந்து, பாலாவிச் சந்தியில் இடப்பக்கம் திரும்பினால் கற்பிட்டிக் குடாநாட்டு வீதி தொடங்கும். வலப்பக்கம் புத்தளம் களப்பு. இடப்பக்கம் இந்து சமுத்திரம். நடுவில் தென்னந்தோப்பு, வெங்காயப் பாத்தி, மிளகாய்த் தோட்டம், மணல். நுரைச்சோலைக்கு அப்பால் மேற்கே கடலைப் பார்த்து இறங்கும் ஊர்களில் ஒன்று ஆலங்குடா.

இன்றைக்கு வெளிநாட்டுப் பயண வழிகாட்டிகள் இந்தப் பெயரை ஓங்கில் (டொல்பின்) பார்க்கப் போகும் படகோடும், பட்டத்தைப் பிடித்து நீரில் சறுக்கும் விளையாட்டோடும் சேர்த்தே எழுதுகின்றன. முப்பது, முப்பத்தைந்து வருடங்களுக்கு முன்னர் இதே பெயரை அகதி முகாம்களின் பட்டியலில் வாசித்தோம். இரண்டுக்கும் இடையில் நடந்ததுதான் இந்தக் கதை.

எந்தத் திட்ட அறிக்கையும் பெற்றெடுக்காத சுற்றுலா இது. அதைப் பெற்றவை மூன்று: வருடத்தைத் தமக்குள் பங்கிட்டுக்கொண்ட இரண்டு காற்று, கரையிலிருந்து எட்டிப் போகக்கூடிய தூரத்திலேயே ஆழ்ந்துவிடும் கடல், அந்தக் கடலைக் கண்ணால் அளக்கத் தெரிந்த கடற்றொழிலாளர். இன்று முதல் இரண்டைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். மூன்றாவதைப் பற்றிப் பேசத்தான் இதை எழுதுகிறேன்.

பதூதா இறங்கிய கரை

இந்தப் பக்கத்துக்கு விருந்தாளிகள் வருவது புதிதில்லை. மொரோக்கோவிலிருந்து உலகம் சுற்றப் புறப்பட்ட இப்னு பதூதா, 1344இல் மாலைதீவை விட்டுக் கிளம்பியவர், காற்று தள்ளிக்கொண்டு வந்ததால் இலங்கையின் மேற்குக் கரையை அடைந்தார். அவர் பத்தாலா என்று எழுதிய ஊரைப் புத்தளம் என்றே ஆய்வாளர்கள் கொள்கிறார்கள். மலையாறுகள் அடித்துக்கொண்டு வந்த கறுவா மரங்கள் கரையெங்கும் குவிந்து கிடந்ததாக அவர் குறித்து வைத்திருக்கிறார். அங்கே அவரை வரவேற்றவர் யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தி. என்ன வேண்டும் என்று மன்னர் கேட்டபோது, பாவா ஆதமின் பாதம் பதிந்த மலைக்குப் போக வேண்டும் என்பதைத் தவிர வேறொன்றையும் பதூதா கேட்கவில்லை. மன்னர் ஒரு பல்லக்கு கொடுத்தார். வருடம் தவறாமல் அந்த மலைக்குப் போய்வரும் யோகிகள் நான்கு பேர், பிராமணர் மூன்று பேர், தம் ஆட்கள் பத்துப் பேர், உணவுப் பொருள் சுமக்கப் பதினைந்து பேர் என்று கூட அனுப்பினார்.

வழி தெரிந்தவன், சுமப்பவன், துணைக்கு வருபவன் என்று ஆள் சேர்த்து ஒரு விருந்தாளியை அனுப்பிவைத்த அந்த ஏற்பாட்டைத்தான் இன்று சுற்றுலா என்கிறோம். பதூதா நம்பிப் போனது பல்லக்கை அல்ல, வழி தெரிந்த யோகிகளை.

அவருக்குப் பிறகு வந்தவர்கள் விருந்தாட வரவில்லை. போர்த்துக்கேயர் கற்பிட்டியைப் பிடித்தார்கள். அவர்களிடமிருந்து ஒல்லாந்தர் பிடித்தார்கள். புத்தளம் களப்பின் வாயை அடைத்தால் கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் இந்திய வணிகத்தையும் அடைத்துவிடலாம் என்பது ஒல்லாந்தரின் கணக்கு. 1667இல் தொடங்கி 1676இல் அவர்கள் கட்டி முடித்த கோட்டை இன்றும் களப்பைப் பார்த்தபடி நிற்கிறது. பவளக் கல்லை அறுத்து எழுப்பிய தடித்த சுவர். கோட்டை கடற்படையின் பொறுப்பில் இருப்பதால், பார்க்க வருபவர்களைக் கடற்படை வீரர் ஒருவரே உள்ளே கூட்டிப் போவார்.

கூட்டம் கூட்டமாக ஆட்களை இந்த மணலுக்கு முதலில் இழுத்தது தலவில அன்னம்மாள் திருத்தலம். மார்ச்சிலும் ஆகஸ்டிலும் திருவிழா. சிங்களவர், தமிழர், கத்தோலிக்கர், மற்ற மதத்தவர் என்று பேதமில்லாமல் குடும்பம் குடும்பமாக வந்து, கோயில் வளவிலும் கடற்கரையிலும் கூடாரம் அடித்து, அடுப்பு மூட்டிச் சமைத்து, நாள்கணக்கில் தங்கிப் போவார்கள். அவர்கள் கடலில் கால் நனைத்தார்கள், கருவாடு வாங்கினார்கள். ஆனால் கடலுக்குள் போனதில்லை. கடல், தொழில் செய்பவனுக்கு உரியதாக இருந்தது.

கிடுகுக் கொட்டில் காலம்

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்களை வெளியேற்றினார்கள். எழுபதாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு, பிறந்த ஊரை விட்டு வெளியேறினார்கள். மன்னார்ப் பக்கத்திலிருந்து பலர் படகுகளில் ஏறிக் கற்பிட்டிக் கரையில் வந்து இறங்கினார்கள். அந்த இரவுகளில் கரையில் நின்று கைகொடுத்து இறக்கியவர்களும், முதல் சோற்றை ஆக்கிப் போட்டவர்களும் இந்தக் குடாநாட்டு மக்கள்தான். ஆலங்குடாவிலும் அதைச் சூழ்ந்த ஊர்களிலும் கிடுகுக் கொட்டில்கள் எழுந்தன. சில மாதத்துக்கு என்று போட்ட கொட்டில்களில் ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்தது.

வந்தவர்களில் பலர் தோட்டங்களில் வெங்காயம் நட்டார்கள், மிளகாய் ஆய்ந்தார்கள். கடல் தெரிந்தவர்கள் கடலுக்குப் போனார்கள். அதே களப்பையும் அதே கடலையும் நம்பி முன்பே இருந்தவர்களுக்கும் வந்தவர்களுக்கும் இடையில் தொழிலுக்கான நெருக்கடி இல்லாமல் இல்லை. ஆனாலும் இரு சாராரும் சேர்ந்தே அந்தக் காலத்தைக் கடந்தார்கள்.

அப்போது சுற்றுலா என்ற பேச்சுக்கே இடமில்லை. கற்பிட்டிக்கு வடக்கே போர்க் கடல். படகு எப்போது புறப்படலாம், எதுவரை போகலாம் என்பதைக் கடற்படை தீர்மானித்தது. களப்புக்கு வடக்கே இருக்கும் வில்பத்து தேசிய பூங்கா 1988இல் மூடப்பட்டது, 2003இல் திறந்தது, சில வருடத்தில் மறுபடி மூடியது, 2010இல்தான் நிலையாகத் திறந்தது. இந்தப் பூட்டுக்கும் திறப்புக்கும் ஏற்பவே இந்தப் பகுதிக்கு ஆள் வருவதும் நிற்பதும் இருந்தன.

கடலுக்குள் ஒரு விளிம்பு

ஆலங்குடாக் கடலில் ஓங்கில் இருப்பதை வெளியிலிருந்து யாரும் வந்து கண்டுபிடிக்கவில்லை. சூரை பிடிக்கப் போகிறவன் தண்ணீரில் முதலில் தேடுவதே ஓங்கிலைத்தான். ஓங்கில் கூட்டம் போகிற வழியில், அதற்குக் கீழே சூரைக் கூட்டமும் போகும். மேலே ஆலாப் பறவைகள் தாழப் பறந்து குத்தும். பறவை, ஓங்கில், சூரை என்ற இந்த மூன்றின் உறவும் தொழில் பழகும் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கப்படுகிற ஆரம்பப் பாடங்களில் ஒன்று.

ஏன் இங்கே இவ்வளவு ஓங்கில்? கடலடி நிலத்தின் அமைப்புத்தான் காரணம். கரையிலிருந்து கொஞ்சத் தூரத்துக்கு ஆழம் குறைந்த மேடையாகக் கிடக்கும் கடலடி, ஒரு விளிம்பில் வந்து சட்டென்று பல நூறு மீற்றர் ஆழத்துக்கு இறங்கிவிடுகிறது. பகல் முழுக்க இருட்டுக்குள் ஆழத்தில் கிடக்கும் சிறு மீன்களும் கணவாய்களும் இரவில் மேலே ஏறி வரும். ஓங்கில்கள் இரவெல்லாம் அவற்றை வேட்டையாடும். விடிந்ததும் வயிறு நிறைந்த கூட்டம் கரைப்பக்கமாக ஒதுங்கி, விளையாடி, ஓய்வெடுக்கும். மனிதன் படகு தள்ளும் நேரமும் அதுதான்.

இங்கே அதிகம் காணப்படும் இனம் சுழல் ஓங்கில். இரண்டு மீற்றர் அளவு நீளம், ஒல்லியான நீண்ட மூக்கு. முதுகு கருஞ்சாம்பல், பக்கவாட்டு இளஞ்சாம்பல், வயிறு வெள்ளை. நீரைக் கிழித்துக்கொண்டு நேரே மேலே வந்து, காற்றில் தன் உடலைத் தானே முறுக்கிச் சுற்றும். ஒரு பாய்ச்சலில் ஏழு சுற்று வரைக்கும் சுற்ற வல்லது. பிறகு பக்கவாட்டில் ‘தப்’ என்று விழும். உடனே மறுபடி எழும்பும். உடலில் ஒட்டிக்கொண்ட உறிஞ்சு மீனை உதறுவதற்கு என்றும், விழும் ஓசையால் கூட்டத்துக்குச் சேதி சொல்வதற்கு என்றும் ஆய்வாளர்கள் காரணம் சொல்கிறார்கள். கற்பிட்டிக் கடலில் இவை நூற்றுக்கணக்கில் திரியும். சில நாட்களில் ஆயிரத்தைத் தாண்டும் கூட்டமும் வரும். அப்படி ஒரு கூட்டத்தின் நடுவில் படகு நிற்கும்போது நாலா பக்கமும் மூச்சு விடும் ஓசை கேட்கும். அதைக் கேட்டவர்களுக்கு வேறு விளம்பரம் தேவைப்படவில்லை.

வாடைக் காலம்தான் இதற்கு உரிய காலம். நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை, வடகிழக்கிலிருந்து வரும் காற்றைத் தீவின் நிலம் மறித்துக்கொள்வதால், மேற்குக் கடல் அடங்கிக் கிடக்கும். விடியற்காலையில் எண்ணெய் தடவிய பலகை போல மினுங்கும் அந்தக் கடலில், ஓங்கிலின் முதுகு தூரத்திலேயே கண்ணில் படும்.

வலை இறங்கியது, ஆள் ஏறினார்

2000களின் பிற்பகுதியில் கொழும்பைச் சேர்ந்த சிலர் ஆலங்குடாக் கரையில் காணி வாங்கி, ஓலையும் மரமுமாகச் சிறு விடுதிகள் கட்டினார்கள். கூட்டமில்லாத கரை, நீண்ட மணல், மேற்கே சூரியன் விழும் கடல் என்பதற்காக வந்தவர்கள் அவர்கள். காலையில் கடலுக்குப் போய் வரும் தொழிலாளர்களோடு பேச்சுக் கொடுத்தபோது ஓங்கில் கதை வந்தது. ‘கூட்டிப் போய்க் காட்டுவீர்களா?’ என்ற கேள்வி பிறந்தது. இந்தச் சுற்றுலாவின் பிறப்பு அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

2009 மே மாதம் போர் முடிந்தது. கடல் திறந்தது. அந்த வருடம் இலங்கைக்கு வந்த சுற்றுலாப் பயணிகள் 4,47,890 பேர். 2018இல் அந்தத் தொகை 23,33,796 ஆகியது. இந்த ஏற்றத்தில் ஒரு துளி ஆலங்குடாவுக்கும் கிடைத்தது. 2010இல் இயற்கையியலாளர் கெஹான் டி சில்வா விஜேரத்ன கற்பிட்டிக் கடலில் எண்ணெய்த் திமிங்கிலங்களைப் பார்த்து, அவை விளிம்பை ஒட்டி நடமாடுவதை எழுதி உலகுக்குச் சொன்னார். அதற்குச் சற்று முன்னர், 2008இல், தென்கரையின் மிரிஸ்ஸவை நீலத் திமிங்கிலத்துக்காக உலகறியச் செய்தவரும் அவரே. எண்ணெய்த் திமிங்கிலத்தை அடையாளம் காண்பது படகோட்டிகளுக்குக் கடினமாக இல்லை. அதன் மூச்சுத் துளை தலையின் முன்முனையில், இடப்பக்கமாக இருக்கிறது. அதனால் அது விடும் மூச்சு நேரே எழாமல், முன்னே இடப்பக்கம் சாய்ந்து பீறிடும். சாய்ந்த மூச்சைத் தூரத்தில் கண்டதும் எஞ்சினைத் தணிக்க வேண்டும். இப்போது இது படகோட்டிகள் எல்லோரும் அறிந்த சங்கதி.

ஒரு காலைப் படகு எப்படிப் புறப்படுகிறது என்பதைக் கிட்ட நின்று பார்க்க வேண்டும். பதினெட்டு அடி அளவான பைபர் போட். முதல் நாள் வரை வலை கிடந்த இடத்தில் இப்போது குறுக்குப் பலகை போட்டு இருக்கை. ஐந்தாறு பேர் ஏறுவார்கள், மிதவை அங்கி மாட்டுவார்கள். இங்கே இறங்குதுறை கிடையாது. திறந்த கடல், உடையும் அலை. நான்கு பேர் தோள் கொடுத்துப் படகைத் தண்ணீருக்குள் தள்ளி, இடுப்பளவு நீரில் அணியத்தை அலைக்கு நேரே பிடித்துக்கொண்டு நிற்பார்கள். எஞ்சின்காரர் கயிற்றைக் கையில் பிடித்தபடி கடலையே பார்த்துக்கொண்டிருப்பார். பெரிய அலைகள் அடுத்தடுத்து வந்து உடைந்த பின் சிறிது நேரம் கடல் தணியும். அந்த இடைவெளிதான் வாசல். ‘விடு’ என்ற ஒரு சொல். கை எடுபடும், எஞ்சின் உறுமும், அடுத்த அலை உடைவதற்குள் படகு அதன் முதுகில் ஏறி அப்பால் இறங்கியிருக்கும். பணம் கொடுத்து வந்தவர் புகைப்படக் கருவியைத் துணியால் மூடுவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். இரண்டு விநாடி முந்தினாலோ பிந்தினாலோ படகு குறுக்கே திரும்பிக் கவிழும். எந்தப் பயிற்சி நிலையமும் இந்தக் கணக்கைச் சொல்லிக் கொடுப்பதில்லை. வாப்பாவின் படகில் ஏறிப் பழகியவனுக்கே அது வரும்.

வெளிக்கடலில் போன பிறகும் அப்படித்தான். பச்சை நீர் கருநீலமாகும் இடம், ஆலாக்கள் தாழும் திசை, அலையின் வெள்ளைக்கும் பாய்ச்சலின் வெள்ளைக்கும் உள்ள வித்தியாசம் எல்லாவற்றையும் பார்த்தபடி போவார்கள். பக்கத்துப் படகுக்குக் கைப்பேசியில் ஒரு குரல்: ‘நானா, எந்தப் பக்கம்?’ பதில் வந்ததும் படகு திரும்பும். பயணிக்கு அது அதிர்ஷ்டமாகத் தோன்றலாம். நாற்பது வருடத் தொழிலறிவு அப்படித்தான் வேலை செய்கிறது.

தொழிலாளிக்கு இதில் ஒரு நிம்மதி கிடைத்தது. மீனுக்குப் போனால் எண்ணெய்க்காசு திரும்பி வருமா என்பதே நிச்சயமில்லை. ஓங்கில் பயணத்துக்குக் கூலி கரையிலேயே பேசி முடிக்கப்படும். காலை ஒன்பது, பத்து மணிக்குத் திரும்பிவிட்டால், மிச்ச நாளும் கைவசம் இருக்கும். பலர் இரண்டு தொழிலையும் விடவில்லை. விடக்கூடாது என்றுதான் நானும் சொல்வேன். மீனுக்குப் போகாத கண்ணுக்கு ஓங்கிலும் அகப்படாது.

சோளகம் திறந்த வாசல்

மே மாதம் சோளகம் பிடித்துவிட்டால் கதை தலைகீழ். தென்மேற்கிலிருந்து நேரே கரையில் மோதும் காற்று. கடல் கொந்தளிக்கும். நுரைச்சோலை அனல் மின் நிலையத்துக்கு நிலக்கரி கொண்டுவரும் கப்பல்கள்கூட இந்த மாதங்களில் சரக்கு இறக்க முடியாது. ஓங்கில் பயணம் நிற்கும். கரைவலைப் பாடுகளும் ஓயும். பரம்பரையாகவே இது கை சுருங்கும் காலம். வலை பின்னுவது, படகுக்கு மருந்து பூசுவது, களப்புக்குள் சின்னத் தொழில் பார்ப்பது என்று போகும்.

அந்தக் காற்றையே விலைக்கு வாங்க ஆள் வருவார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

பிரான்சில் புரூனோ, டொமினிக் லெகெய்னு என்ற சகோதரர்கள் 1984இல் ஒரு பட்டத்துக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார்கள். முன்விளிம்பில் காற்றடைத்த குழாய் உள்ள பட்டம் அது. தண்ணீரில் விழுந்தாலும் மூழ்காது, விழுந்த இடத்திலிருந்தே மறுபடி எழுப்பலாம். அதற்குச் சந்தை கிடைக்கப் பத்து வருடத்துக்கு மேலாயிற்று. 1990களின் இறுதியில் ஹவாயிலிருந்து அந்த விளையாட்டு உலகெங்கும் பரவியது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் அது முதன்முறையாகப் பதக்கப் போட்டியானது. இருபது மீற்றருக்கு மேல் நீளமான கயிறுகளின் முனையில் பட்டம், இடுப்பில் வார், காலில் பலகை. பட்டம் இழுக்க, பலகை நீரில் வழுக்கிப் பறக்கும்.

இதற்கு வேண்டியவை இரண்டு: தடையில்லாமல் நாள் முழுக்க வீசும் காற்று, அலையில்லாத தட்டை நீர். இரண்டும் சேர்ந்து ஓரிடத்தில் கிடைப்பது அபூர்வம், ஏனென்றால் காற்று பலமாக இருக்கும் இடத்தில் அலையும் பலமாக இருக்கும். கற்பிட்டியில் அந்த முரணை மணல் திட்டு தீர்த்துவைத்தது. கப்பலடி, கண்டல்குழி, குடாவ பக்கங்களில் கடலுக்கும் உள்நீருக்கும் இடையில் தாழ்ந்த மணல் திட்டுகள் உண்டு. அலை திட்டில் மோதி நின்றுவிடும். காற்று திட்டைத் தாண்டி உள்ளே வரும். உள்நீர் முழங்காலளவு, இடுப்பளவு ஆழம்தான். புதிதாகப் பழகுபவர் விழுந்தாலும் எழுந்து நிற்கலாம்.

இதைக் கண்டுகொண்ட ஐரோப்பியர் சிலர், போர் முடிந்த பின் பட்டத்தோடு வந்தார்கள். கூடாரம், குடில், பிறகு பயிற்சிப் பள்ளி என்று வளர்ந்தது. மே முதல் செப்டெம்பர் வரை ஒரு பருவம். வாடைக் காலத்திலும் டிசெம்பர் தொடக்கம் மார்ச் வரை பிற்பகல்களில் காற்று எழும் என்பதால் இரண்டாவது பருவம். கரையில் நின்று பட்டம் தூக்கிக் கொடுத்த பையன்கள் சில வருடத்தில் தாங்களே பயிற்றுநர்களானார்கள். காற்று எந்த நேரம் எழும், எந்த முகில் வந்தால் அறுத்துக்கொண்டு வீசும் என்பதெல்லாம் அவர்களுக்கு முன்பே தெரியும். பலகையில் நிற்பது மட்டும்தான் புதிது. கை சுருங்கும் மாதங்களுக்கு இப்படி ஒரு வருமானம் பிறந்தது.

இவ்விரண்டையும் சுற்றி மற்றவையும் ஒட்டிக்கொண்டன. ஓங்கில் பார்த்துத் திரும்பியவர் கோட்டைக்குப் போகிறார், தலவிலக் கோயிலைக் கும்பிடுகிறார், புத்தளத்து உப்பளத்தில் வெள்ளைக் குவியல்களைப் பார்க்கிறார். சிறுத்தையும் கரடியும் பார்க்க ஆசைப்படுபவர் வில்பத்துக்கு ஒரு நாள் ஒதுக்குகிறார். கரைவலை இழுக்கும் காலைகளில் கயிற்றில் கைவைத்துப் பார்ப்பவரும் உண்டு. மணலில் கிணறு தோண்டி, அந்த நீரை இறைத்து வெங்காயமும் பீட்ரூட்டும் விளைவிக்கும் தோட்டங்களை இன்னும் பயணிகள் அதிகம் பார்ப்பதில்லை. அதையும் காட்ட வேண்டும். மணலில் பொன் விளைவிக்கும் கைத்திறன் அது.

பதினான்கு தீவுக் கனவு

இதற்கிடையில் அரசாங்கமும் ஒரு பெரிய வரைபடம் விரித்தது. களப்பின் வாயிலும் அதற்கு வடக்கிலும் சிதறிக் கிடக்கும் 14 தீவுகளை மையமாக வைத்து, சொகுசு விடுதிகள், விமானத் தளம் என்று கற்பிட்டி ஒருங்கிணைந்த சுற்றுலாத் திட்டம். உச்சமுனை, இப்பந்தீவு, பத்தலங்குண்டு என்று அந்தத் தீவுகளின் பெயர்கள் முதலீட்டாளர் கையேடுகளில் அச்சாகின. ஆனால் அவை ஆளில்லாத தீவுகள் அல்ல. அங்கே வாடி அடித்து, கருவாடு காயவைத்து, சிலுவையும் சிறு கோயிலும் நட்டு வாழ்ந்த குடும்பங்கள் இருந்தன. பரம்பரையாகப் புழங்கிய நிலத்துக்குக் கையில் உறுதி இல்லாதவர்கள் அவர்கள். மீனவர் அமைப்புகள் எதிர்த்துக் குரல் எழுப்பின. படகு இழுக்கும் இடம் பறிபோகும், கரைக்குப் போகும் வழியில் வேலி விழும் என்பது அவர்களின் பயம். அந்தப் பயம் நியாயமானது. வரைபடத்தில் இருந்த அளவுக்கு அத்திட்டம் கரையில் எழவில்லை. ஆனால் காணி விலை ஏறியது, வேலிகளும் பல இடத்தில் வந்தன.

நுரைச்சோலையில் 2011இல் அனல் மின் நிலையம் முதல் 300 மெகாவாற்றைத் தந்தது. 2014இல் அது 900 மெகாவாற் ஆனது. நாட்டுக்கு வெளிச்சம் கிடைத்தது. ஓங்கில் பார்க்கப் போகும் படகிலிருந்து திரும்பிப் பார்த்தால், அதன் புகைபோக்கி கரையின் மேல் உயர்ந்து தெரியும். சாம்பல் தூசு பற்றி அயலூர்க்காரர் முறையிடுவது இன்றும் நிற்கவில்லை.

கடலடியிலும் ஒரு செல்வம் உண்டு. கற்பிட்டிக்கு அப்பாலுள்ள பவளப் பாறைத் திட்டு 1992இல் 306 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள கடல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 1998இல் கடல்நீர் சூடேறியபோது அதன் மேல்தளப் பவளங்கள் வெளுத்து இறந்தன. அடுத்த வருடங்களில் மெல்ல மெல்ல உயிர்பிடித்தன. 2016இல் மறுபடி வெளுத்தன. நீரடியில் கண்ணாடி மாட்டிப் பார்க்கப் போகிறவர் நங்கூரத்தைப் பவளத்தில் போடாமல் மணலில் போடச் சொன்னால், அதுவே பெரிய உதவி.

பெற்றவருக்குப் பங்கு

2019 ஈஸ்டர் குண்டுவெடிப்பு, 2020இல் கொரோனா, 2022இல் பொருளாதார நெருக்கடி என்று மூன்று அடி அடுத்தடுத்து விழுந்தது. விடுதிகள் பூட்டிக் கிடந்தன. 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே நாளில் 340 ரூபாவுக்குப் போனது. மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சினை நம்பிய குடும்பங்களுக்கு மீன்பிடியும் சுற்றுலாவும் ஒருசேர நின்றன. இந்த இடத்தில் தெரிந்தது, இரு காலில் நிற்பதாக நினைத்தவர்களுக்கு இரண்டும் ஒரே தரையில்தான் ஊன்றியிருந்தன என்று.

ஆனாலும் கடலின் மேல் அவர்களுக்கு இருக்கும் கடமையுணர்ச்சி குறையவில்லை. 2023 பெப்ரவரியில் கண்டல்குழி, குடாவக் கரையில் பதினான்கு பைலட் திமிங்கிலங்கள் ஒதுங்கின. கடற்றொழிலாளர்களும் கடற்படையினரும் தண்ணீரில் இறங்கி, ஒவ்வொன்றையும் ஆழத்துக்குத் தள்ளினார்கள். பதினொன்று கடலுக்குத் திரும்பின, மூன்று இறந்தன. கரையில் கிடக்கும் பெரிய உயிரை எப்படிப் பிடிப்பது, எந்த அலையில் தள்ளுவது என்று அறிந்த கைகள் அங்கே வேலை செய்தன.

கடல் பாலூட்டிகளைப் பார்ப்பதற்கான விதிமுறைகள் 2012இல் வந்தன. எவ்வளவு விலகி நிற்க வேண்டும், எப்படி அணுக வேண்டும் என்று அவை சொல்கின்றன. அவற்றை மதிப்பது ஓங்கிலுக்கு மட்டுமான தயவு அல்ல. ஓய்வெடுக்கும் நேரத்தில் நாள்தோறும் விரட்டப்படும் கூட்டம் ஒரு நாள் வேறிடம் தேடிப் போகும். போனால் கரையில் தொழிலும் போகும். கூட்டத்தின் நடுவே புகாமல் பக்கவாட்டில் வந்து, எஞ்சினைத் தணித்து நிற்கும் படகோட்டிக்கு ஓங்கில்கள் தாமாகவே வந்து அணியத்துக்கு முன் நீந்தும். விரட்டச் சொல்லும் பயணிதான் இங்கே மாற வேண்டியவர்.

அரசாங்கத்திடம் கேட்க வேண்டியவையும் உண்டு. படகு இழுக்கும் இடங்களும் கரைவலைப் பாடுகளும் விடுதி வேலிக்குள் போகாமல் எழுத்தில் பாதுகாக்கப்பட வேண்டும். ஓங்கில் பயணத்துக்கான அனுமதி முதலில் உள்ளூர்க் கடற்றொழிலாளருக்குக் கிடைக்க வேண்டும். வெளியே இருந்து வேகப் படகு கொண்டுவருபவர் அவர்களுக்குப் பின்னால் வரட்டும். 1990இல் வந்து இங்கேயே வேரூன்றியவர்களின் பிள்ளைகளுக்கும், அவர்களை வரவேற்றவர்களின் பிள்ளைகளுக்கும் ஆங்கிலமும், வழிகாட்டிப் பயிற்சியும், உயிர்காப்புப் பயிற்சியும் ஒரே வகுப்பில் கிடைக்க வேண்டும். வீட்டில் விருந்தாளியைத் தங்கவைத்து, புட்டும் மீன் ஆணமும் பரிமாறி வருமானம் பார்க்கும் வழி பெண்களுக்குத் திறக்க வேண்டும்.

போகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வாடையிலோ சோளகத்திலோ எப்போது போனாலும், படகோட்டியோடு நேரே பேசுங்கள். அவர் எந்த ஊர், எத்தனை வருடமாகக் கடலுக்குப் போகிறார் என்று கேளுங்கள். கூலியை முடிந்தவரை அவர் கையிலேயே கொடுங்கள். ஆலங்குடாவில் நாம் காசு கொடுத்து வாங்குவது ஓங்கிலையோ காற்றையோ அல்ல, அவற்றை அறிந்தவரின் அறிவை. அதற்குரிய முதல் பங்கு அவருக்குப் போய்ச் சேர்ந்தால்தான், இந்தச் சுற்றுலா பிறந்த வீட்டிலேயே வளரும்.